ரெண்டு விசில்

சிலுவைமுத்துவுக்கு இந்த உலகத்தில் ஆகாத ஆட்கள் இரண்டே வகை. பஸ்ஸைத் தாமதமாக எடுக்கிறவர்கள் ஒரு வகை. முன்கூட்டியே எடுக்கிறவர்கள் இன்னொரு வகை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பராக இருந்தவர். அவர் விசில் அடித்தால் பழனி வண்டியோ நத்தம் வண்டியோ, டிரைவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். போன வருஷம் ஓய்வு பெற்றார். ஓய்வு அவருக்குத்தான், விசிலுக்கு இல்லை. அது சட்டைப் பையிலேயே இருந்தது, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதும்கூட.

அப்பேர்ப்பட்ட மனிதரின் வீட்டுக்கு, நேரம் என்று ஒன்று இருப்பதே தெரியாத ஒரு ஆள் வந்து சேர்ந்தது. அவருடைய பேத்தி.

மகள் டெய்சி தலைப்பிரசவத்துக்கு மரியநாதபுரத்துத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பிறந்ததிலிருந்து குடித்தது, தூங்கியது, குடித்தது. எப்போது குடிக்கும், எவ்வளவு நேரம் குடிக்கும் என்பதெல்லாம் அதற்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். ஒரு நாளின் நேரத்தை ஆண்டவர் எல்லோருக்கும் ஒரே அளவாகத்தான் கொடுக்கிறார் என்பார்கள். டெய்சியின் பங்கை மட்டும் யாரோ வெண்டைக்காய் மாதிரி நறுக்கிக் கொடுத்திருந்தார்கள். தலை சீவ உட்கார்ந்தால் ஒரு பக்கத்துச் சிக்கு எடுப்பதற்குள் அழைப்பு வரும். அம்மா அமலராணி பால் சுரக்கட்டும் என்று செய்து வைத்த சுறாப்புட்டைச் சூடாகச் சாப்பிட்டதாக டெய்சிக்கு ஞாபகமே இல்லை.

இதெல்லாம் எல்லாத் தாய்க்கும் உள்ளதுதான், போகட்டும் என்று விட்டிருப்பாள். ஆனால் அவளுக்குப் பரீட்சை இருந்தது.

டெய்சி கணக்கு டீச்சர். தனியார் பள்ளிக்கூடத்தில், சம்பளத்தை வெளியே சொல்ல வெட்கப்படும் ரகம். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர் இடம் காலியாக இருந்தது. ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறினால் அந்த வேலையைக் கேட்டுப் போகலாம். போன தடவை மயிரிழையில் தவறவிட்டிருந்தாள். இந்தத் தடவை தேர்வுத் தேதி, பிள்ளைக்கு நாற்பது நாள் கழிந்த அடுத்த வாரத்தில் வந்து உட்கார்ந்தது.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் அவள் கணவன் சார்லஸ் போனில் பெருந்தன்மையாகச் சொன்னான்.

"பரவால்ல விடு டெய்சி. பிள்ளைய வச்சுக்கிட்டு எப்புடி எழுதுவ? அடுத்த தடவ பாத்துக்கலாம்."

"அடுத்த தடவ எப்ப வரும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அது... வரும்ல?"

டெய்சி போனை வைத்துவிட்டாள். அடுத்த தடவை, அடுத்த தடவை என்று ஒதுக்கி ஒதுக்கியே எத்தனை டீச்சர்கள் தனியார் பள்ளிக்கூடத்தில் நரைத்துப் போனார்கள் என்பதை அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். எழுதியே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். பரீட்சை மூன்று மணி நேரம். பிள்ளையோ பாட்டிலைக் கண்டால் துப்பும். பீய்ச்சி எடுத்த பாலைப் பாலாடையில் கொடுத்தால் கொடுத்தவர் சட்டைமேல் துப்பும்.

பிரச்சினை சிலுவைமுத்துவின் காதுக்குப் போனது. முகத்தில் அப்படியொரு வெளிச்சம். ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவையாக அவருக்கு ஒரு வேலை வந்திருந்தது.

"அமலா, அந்த வண்டிக்கு டைமிங்கே இல்ல. நெனச்ச நேரத்துக்கு எடுக்குது, நெனச்ச எடத்துல நிக்குது. ஒரு டைமிங் போட்டுட்டா லைனுக்கு வந்துரும்" என்றார்.

"எந்த வண்டியங்க?"

மோவாயால் மகளின் அறைப்பக்கம் காட்டினார்.

"அது வண்டியில்ல. பச்சப்புள்ள."

"எல்லாம் ஒண்ணுதான். மொதல்ல முறுக்கும். பெறகு பழகிரும்."

அன்று சாயங்காலமே நீல மையும் சிவப்பு மையுமாக ஒரு அட்டவணை தயாராகி அறைக் கதவில் ஒட்டப்பட்டது. முதல் டிரிப், இரண்டாம் டிரிப், மத்தியான ஹால்ட். பரீட்சை நேரம் முழுக்கப் பிள்ளை தூங்கும்படி கணக்குப் போட்டிருந்தார். அதில் பால் என்ற சொல் எங்கேயும் இல்லை. பெற்ற மகளிடம் அந்தப் பேச்சைப் பேச அவருக்கு வாய் வராது. டெய்சி பிள்ளையை மடியில் போட்டால் போதும், வீட்டை விட்டே வெளியேறித் தெருமுனைக்குப் போய் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனிதர். நேரமாகிவிட்டது என்பதை எப்படித்தான் சொல்வது?

வாய் வராத இடத்தில் விசில் வந்தது.

கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு ரெண்டு விசில் அடிப்பார். ரெண்டு விசில் என்றால் வண்டியை எடு என்பது திண்டுக்கல்லில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். பிறகு நேரம் பார்த்து ஒரு விசில். நிறுத்து. அவ்வளவுதான், அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே காரியம் முடிந்தது. மரியாதையான ஏற்பாடு என்று டெய்சியும் முதலில் நினைத்தாள்.

ஏற்பாட்டில் ஒரே ஒரு ஓட்டை. பிள்ளை அதை மதிக்கவில்லை. விசில் அடித்தால் தூங்கியது. அடிக்காதபோது அலறியது. ஒரு விசிலுக்கு வாயை எடுக்கச் சொன்னால் ஊரைக் கூட்டியது. அம்மாவும் மகளும் வேறு வழியில்லாமல் திருட்டு டிரிப் ஓட்டினார்கள். சிலுவைமுத்து காய்கறி வாங்கக் கிளம்பினால் ஒன்று, குளிக்கப் போனால் ஒன்று. அவர் திரும்பி வரும்போது பிள்ளை அட்டவணைப்படி தூங்குவதுபோலத் தூங்கிக்கொண்டிருக்கும்.

"பாத்தியா? பழகிருச்சு" என்பார்.

"ஆமாங்க. அப்புடியே உங்க ரத்தம்" என்று அமலராணி முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொல்வாள்.

அவர் அதை நம்பிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கே போய்ப் பெருமை அடித்தார். பழனி வண்டி டிரைவர் மொக்கைச்சாமியும் கண்டக்டர் நியாஸும் அவருடைய விசிலுக்குப் பயந்தே தொழில் கற்றவர்கள்.

"ஏலே நியாசு, பொறந்து இம்புட்டு நாள்தான் ஆகுது. என் பேத்தி டைமிங்ல நிக்கிறா. நீ இன்னும் நிக்க மாட்டேங்கிற."

"அண்ணே, அதுக்குப் பால் குடுக்குறாக. எங்களுக்கு மொதலாளி என்ன குடுக்குறாரு?" என்றான் நியாஸ்.

இப்படி எல்லோரும் சந்தோஷமாக இருந்த காலத்தில்தான், ஒரு மத்தியானம் அந்தச் சங்கதி நடந்தது. திருட்டு டிரிப் முடிந்து பிள்ளை அசந்து தூங்கியது. டெய்சி கால் மேல் புத்தகத்தை விரித்து, முக்கோணத்தின் பரப்பளவில் ஆழ்ந்திருந்தாள். வெளியே ரெண்டு விசில். பிள்ளை அசையவில்லை. ஆனால் டெய்சிக்கு நெஞ்சுக்குள் ஊசி ஊசியாய்ச் சுருக்கென்றது. குனிந்து பார்த்தாள். நைட்டியின் முன்பக்கம் நனைந்து, முக்கோணத்தின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

தற்செயல் என்று நினைத்தாள். அடுத்த விசிலுக்கும் அதேதான். அதற்கடுத்த விசிலுக்கும் அதேதான். அடுப்படியில் குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் ஒன்றும் ஆகவில்லை. அப்பா பாணியில் ரெண்டு அடித்தால் போதும், மதகு திறந்தது.

"அம்மா, இங்க வாயேன்" என்று கூப்பிட்டுக் காதில் சொன்னாள்.

அமலராணி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடி ஆத்தி. அந்த மனுசன் பேத்தியப் பழக்குறேன் பழக்குறேன்னு உன்னையில்லடி பழக்கிட்டாரு!"

"அம்மா, அப்பாகிட்ட மட்டும் சொல்லிறாத. மாதா மேல சத்தியமா."

"சொன்னா அந்த ஆளு வெக்கத்துல செத்துருவாருடி. சொல்லல, போ."

பரீட்சை நாளும் வந்தது. பழனி ரோட்டில் ஒரு பள்ளிக்கூடம்தான் தேர்வு மையம். ஆட்டோவிலேயே பிள்ளைக்கு வயிறு முட்டக் கொடுத்தாள். அதுவரைக்கும் சிலுவைமுத்து முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, ரோட்டையே வெறித்துக்கொண்டு வந்தார். பிள்ளை தூங்கியது. எல்லாம் அட்டவணைப்படி. டெய்சி ரவிக்கைக்குள் துணியை மடித்து வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பைச் சுற்றிப் போர்த்தி இறங்கினாள். இறங்கியவள் அப்படியே நின்றாள்.

பள்ளிக்கூட வாசலிலேயே பஸ் ஸ்டாப்.

"என்னத்தா, போ. நேரமாகுதுல்ல?" என்றார் அப்பா.

டெய்சி அம்மாவைப் பார்த்தாள். அமலராணி பஸ் ஸ்டாப்பைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டே, "மாதாவே" என்றாள்.

டெய்சிக்குக் கிடைத்த அறை ரோட்டோரம். கிடைத்த இடம் ஜன்னலோரம். கெடுதி வந்தால் குடும்பத்தோடு வரும் என்பது இதுதான். முடிகிற வரை யாரும் வெளியே போகக் கூடாது என்று கண்காணிப்பாளர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே முதல் பஸ் வந்து நின்றது. ஆள் ஏறியது. ரெண்டு விசில்.

சுருக்.

டெய்சி இரண்டு கைகளையும் மார்பின் மேல் கட்டி அழுத்தினாள். வினாத்தாளைப் புரட்ட ஒரு கை வேண்டும். விடைத்தாளில் வட்டத்தைக் கருப்பாக்க இன்னொரு கை வேண்டும். விடைத்தாளில் ஈரம் பட்டால் மெஷின் படிக்காது என்று பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அவள் உடம்பைப் பின்னால் சாய்த்து, கையை நீட்டி, எட்டத்திலிருந்து கோலம் போடுகிறவளைப் போல வட்டம் நிரப்பினாள். அடுத்த பஸ். ரெண்டு விசில். பழனி ரோடு, பஸ்ஸுக்குப் பஞ்சமா?

"என்னம்மா, வேர்க்குதா? ஃபேன வேகமா வைக்கவா?" என்று கண்காணிப்பாளர் அக்கறையாகக் கேட்டார்.

"வேணாம் சார்" என்றாள் டெய்சி. துணி நனைந்து முடிந்திருந்தது. இப்போது ரவிக்கையின் முறை.

ஈரத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது வேறு. ஒவ்வொரு விசிலுக்கும் பிள்ளை பசித்து அழுகிறது என்று உடம்பு அடித்துச் சொன்னது. இல்லை, தூங்குகிறது, அம்மா மடியில் இருக்கிறது என்று புத்தி சொன்னது. உடம்பு கேட்கவில்லை. தெரிந்த கணக்கை இரண்டு தடவை தப்பாகப் போட்டாள். பேனாவை வைத்தாள். நான் எதற்காக இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று இருந்தது. எழுந்து போய்விடலாம். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம். சார்லஸ் சொன்ன அதே வார்த்தை தன் மனசிலிருந்தே வந்ததைக் கண்டு அவளுக்கு அழுகை வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணக்கை விட்டுக் குழந்தை மனவியல் பகுதிக்குப் போனாள். முதல் கேள்வி: மணியோசையைக் கேட்டவுடன் நாயின் வாயில் உமிழ்நீர் ஊறியது. இது எவ்வகைக் கற்றல்?

டெய்சி அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு பஸ் வந்தது. ரெண்டு விசில். சுருக்.

சிரித்துவிட்டாள். அடக்க அடக்க வந்தது. முன் பெஞ்சுக்காரி திரும்பிப் பார்த்தாள். கண்காணிப்பாளர் எழுந்தே விட்டார். அந்தக் கேள்விக்கு விடை எழுத எந்தப் புத்தகமும் அவளுக்குத் தேவைப்படவில்லை. வட்டத்தைக் கருப்பாக்கிய வேகத்தில் பேனா முனை தாளைக் கிழிக்காததுதான் மிச்சம். நாயே பொறுத்துக்கொண்டது, நமக்கென்ன என்று அடுத்த கேள்விக்குப் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது: பஸ் வருகிறது, நிற்கிறது, போகிறது. விசில் இல்லை. அதற்குப் பதிலாக யாரோ பஸ்ஸின் தகரத்தில் டம் டம் என்று தட்டினார்கள். பிறகு அடக்கிப் பிடித்தும் அடங்காத ஒரு குரல் ஜன்னல் வழியாக வந்தது. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும்.

"ஏலே நியாசு! விசில வாயிலருந்து எடுல!"

"என்னண்ணே, விசில் அடிக்காம எப்புடிண்ணே வண்டி போகும்?"

"நான் தட்டுறேன், போகும். உள்ள என் மக பரீச்ச எழுதுது. சத்தம் வந்துச்சு, தொலச்சுப்புடுவேன். பின்னாடி வார வண்டிக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லு."

"அண்ணே, விசிலுக்காகவே பொழச்ச ஆளு நீங்க..."

"போலே!"

டம் டம்.

டெய்சி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு கணக்குப் பக்கத்துக்குத் திரும்பினாள். தப்பாய்ப் போட்டதெல்லாம் இப்போது சரியாக வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொரு பஸ்ஸாக டம் டம் என்று போய்க்கொண்டிருந்தது. கடைசி வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு, மணி அடிக்கும் வரை விடைத்தாளை எட்டத்தில் வைத்துக் காவல் காத்தாள்.

வெளியே வந்தபோது வாசலுக்கு முன்பே பிள்ளையின் குரல் வந்து சேர்ந்தது. தூங்கியது பாதி நேரம்தான். மீதி நேரம் அமலராணி பாலாடையோடு மல்லுக்கட்டித் தோற்றிருந்தாள். அவள் சேலையெல்லாம் பால். பிள்ளை அழுது அழுது மிளகாய்ப்பழமாய்ச் சிவந்திருந்தது. டெய்சி ஆட்டோவுக்குள் ஏறிப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"அப்பாகிட்ட சொல்லிட்டேன்டி. மாதா என்னைய மன்னிக்கணும்" என்று அமலராணி ஆட்டோ திறப்பில் துண்டை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "சொல்லாம என்ன செய்ய? நீ உள்ள தவிக்கிற. இந்த மனுசன் வெளிய நின்னு, ரெண்டாவது விசில இன்னும் இழுத்து அடிக்கணும்னு கண்டக்டருக்குப் பாடம் நடத்துறாரு!"

"சொன்னதும் என்ன சொன்னாரு?"

"மொகம் செத்துப்போச்சு. விசிலக் கைக்குட்டையில முடிஞ்சு பைக்குள்ள போட்டாரு. நேரா ரோட்டுக்குப் போனவருதான்."

சிலுவைமுத்து ஆட்டோவுக்கு முதுகைக் காட்டி ரோட்டோரம் நின்றிருந்தார். வலது கையை உதறி உதறி ஊதிக்கொண்டிருந்தார். வெயிலில் காய்ந்த பஸ் தகரத்தை இத்தனை நேரமும் தட்டிய கை, பூரி மாதிரி உப்பியிருந்தது.

பிள்ளை வாயை வைத்தது. இழுத்தது. விட்டுவிட்டு வீறிட்டது. மறுபடி வைத்தது, மறுபடி வீறிட்டது. டெய்சி பக்கம் மாற்றிப் பார்த்தாள். உள்ளே வேண்டாம் வேண்டாம் என்று அழுத்தி அழுத்திப் பிடித்ததற்குப் பழிவாங்குவதுபோல, இப்போது வேண்டும் என்கிறபோது ஒரு சொட்டு இறங்கவில்லை. பதற்றப்படப் பதற்றப்பட இன்னும் இறுகியது.

"என்னடி, வரலையா? மொத்தமும் அங்கயே போயிருச்சா?" என்றாள் அமலராணி.

பிள்ளை மூச்சுப் பிடித்து அலறியது. டெய்சி கண்ணை மூடினாள். சொல்லக் கூசியது. பிள்ளையின் அழுகைக்கு முன்னால் கூச்சம் நிற்கவில்லை.

"அப்பா."

முதுகு அசைந்தது. திரும்பவில்லை. "என்னத்தா?"

"ரெண்டு விசில் அடிங்கப்பா."

அவர் கை சட்டைப் பையைப் பொத்தியது. பிறகு, குரலே இல்லாமல், "வேணாம்த்தா. நான் செஞ்ச பாவம் போதும்" என்றார்.

"நாந்தானப்பா கேக்குறேன். புள்ளை பசிச்சு அழுகுது. அடிங்க."

சிலுவைமுத்து பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். வீங்கிய விரல்களால் முடிச்சை அவிழ்க்க முடியாமல் பல்லால் அவிழ்த்தார். விசிலை வாயில் வைத்தார். ஆயிரம் வண்டிகளை விரட்டிய மனிதர், கோயிலுக்குள் பேசுகிறவரைப் போல மெதுவாக ஆரம்பித்தார். பழக்கம் விடுமா? ரெண்டாவது விசில் இழுத்துக் கணீரென்று வந்தது.

சுருக்.

அழுகை வெட்டியதுபோல நின்றது. மடக் மடக் என்று குடிக்கும் சத்தம் மட்டும் ஆட்டோவுக்குள் கேட்டது. டெய்சிக்குக் கண்ணிலும் நீர் இறங்கியது. இந்த முறை அதைத் துடைக்கத் தோன்றவில்லை.

பஸ் ஸ்டாப்பில் வேறு கூத்து. பழனிக்குப் போய்த் திரும்பிய மொக்கைச்சாமியின் வண்டி அந்நேரம் அங்கே நின்று ஆள் இறக்கிக்கொண்டிருந்தது. அந்த விசிலைக் காதில் வாங்கிய மொக்கைச்சாமி முன்பின் பார்க்காமல் கியரைப் போட்டு வண்டியை எடுத்துவிட்டான். நியாஸ் கீழே நின்றபடி ஒரு கிழவரின் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தவன், டிக்கெட் பையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

"அண்ணே! நீங்களே அடிக்கக் கூடாதுன்னீங்களேண்ணே!"

மூட்டைக்காரக் கிழவர் நடுரோட்டில் நின்று சிலுவைமுத்துவைத் திட்டினார். வேறு நாளாக இருந்தால் ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுத்திருப்பார். இன்றைக்கு அவர் காது பின்பக்கமே இருந்தது. வெகு நேரம் அப்படியே நின்றார். பிறகு, பழக்க தோஷம், வாட்ச்சைப் பார்த்தார்.

"ஏத்தா... நேரமாச்சு. ஒரு விசில் அடிக்கட்டா?"

டெய்சி குனிந்து பார்த்தாள். பிள்ளை பாதிக் கண் மூடி, ஒரு கையால் அவள் ரவிக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஊரில் யாருக்கும் இல்லாத நிதானத்தோடு குடித்துக்கொண்டிருந்தது.

"வேணாம்ப்பா. அந்த விசில இவளே அடிச்சுக்குவா."

சிலுவைமுத்து விசிலைப் பைக்குள் போட்டார். வாட்ச்சை இன்னொரு தடவை பார்க்கப் போனவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேகத்தைப் பார்த்தார்.